முறைப்பெண்ணும் மரபணுவும்



பரிணாமம், மரபியல் இரண்டின் அடிப்படைகளையும் ஒரே மாலையில் உயிரியல் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பாடநூலில் இந்தப் பாடம் மெண்டலின் பட்டாணித் தோட்டத்தில் தொடங்கும், காலபாகஸ் தீவுக் குருவிகளில் முடியும். இரண்டும் நல்ல பாடங்கள்தான். ஆனால் அந்த மடாலத் தோட்டத்தையும் அந்தத் தீவுகளையும் நம்மில் யாரும் பார்த்ததில்லை. நமக்கு மிக அருகில், நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், அதாவது 1989-இல் பிரிவதற்கு முன்பு திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த மாவட்டத்தில், உலக மரபியலாளர்கள் திரும்பிப் பார்த்த ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அதை வைத்தே இன்று பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு மயில். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மயில்கள் உலவுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1947-இல் பரோடா மகாராணி ரமணருக்கு ஒரு வெள்ளை மயிலைக் கொடுத்தார். ரமணர் முதலில் தயங்கியிருக்கிறார். இங்கே ஏற்கெனவே இருக்கும் வண்ண மயில்கள் வேற்றினம் என்று இதோடு சண்டைக்கு வருமே, பூனையிடமிருந்து இதைக் காப்பாற்ற வேண்டுமே என்பது அவர் கவலை. ஓர் உயிரியலாளரின் கவலையும் அதுதான். கூட்டத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் உயிருக்கு என்ன நேரும் என்ற கேள்வி அது. இயற்கைத் தேர்வு என்று நாம் சொல்வது அந்தக் கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைக்கும் விடைகளின் கூட்டுத்தொகை.

வெள்ளை மயில் தனி இனம் அன்று. நீல மயிலேதான். மயிலின் நீலமும் பச்சையும் பெரும்பாலும் சாயத்தால் வருபவை அல்ல. இறகின் நுண்கிளைகளுக்குள் மெலனின் குச்சிகள் மிக நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தில்தான் நிறம் பிறக்கிறது. மெலனின் இறகுக்குப் போய்ச் சேராவிட்டால் அடுக்கு இல்லை, நிறமும் இல்லை. தோகையில் கண்கள் மட்டும் வெள்ளைக்குள் வெள்ளையாக, உற்றுப் பார்த்தால் தெரியும். வெள்ளை மயிலின் விழி சிவந்திருக்காது, நிறமியோடே இருக்கும். ஆகவே இது அல்பினோ அன்று. நிறமி உடலில் உண்டாகாமல் போகவில்லை, இறகுக்குத்தான் வந்து சேரவில்லை.

வெள்ளை மயிலையும் நீல மயிலையும் சேர்த்தால் குஞ்சுகள் ஏறத்தாழ நீலமாகவே வரும், சிலவற்றில் ஒன்றிரண்டு வெண்தூவல் எட்டிப்பார்க்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று முழு வெள்ளை. வெள்ளை போய்விட்டது என்று நினைத்த தலைமுறையில் அது போகவே இல்லை, மறைந்திருந்தது. பிரன் நகரத்து மடாலத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணியை எண்ணி எண்ணி மெண்டல் கண்டதும் இதுதான். பண்புகள் பாலும் தண்ணீருமாகக் கலந்துபோவதில்லை. தனித்தனிக் காரணிகளாக இருந்து, ஒரு தலைமுறையில் ஒடுங்கி மறு தலைமுறையில் மீள்கின்றன. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இரண்டும் ஒரே மாதிரியாக அமைந்தால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு பண்பு. ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவர் கேரியர். அவருக்குத் தெரியாது, அவரைப் பார்க்கிறவருக்கும் தெரியாது.

மெண்டல் 1866-இல் அச்சிட்டதை டார்வின் படித்திருந்தால் அவருடைய பெரிய தலைவலி ஒன்று தீர்ந்திருக்கும். பண்புகள் கலந்து நீர்த்துப்போகும் என்றால் நல்ல மாற்றமும் சில தலைமுறைகளில் கரைந்துவிடும், தேர்வு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். டார்வினிடம் சரியான விடை இல்லை. விடை பிரன் நகரத்தில் இருந்தது. 1900 வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

டார்வின் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவர் 1839-இல் மணந்த எம்மா வெட்ஜ்வுட் யார் தெரியுமா? டார்வினின் அம்மா சூசன்னாவும் எம்மாவின் அப்பா ஜோசையாவும் உடன்பிறந்தவர்கள். நம் கணக்கில் மாமன் மகள், சுத்தமான முறைப்பெண். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள், மூன்று பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். பத்து வயது ஆனி 1851-இல் இறந்தது டார்வினை உடைத்துப் போட்டது. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்களோ என்ற பயம் அவரை விடவில்லை. செடிகளில் தன் மகரந்தச் சேர்க்கையையும் அயல் மகரந்தச் சேர்க்கையையும் ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து 1876-இல் ஒரு தனி நூலே எழுதினார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பெற்றோர் அத்தை மாமன் மக்களா என்று ஒரு கேள்வி சேர்க்கும்படி டார்வினும் நண்பர்களும் நாடாளுமன்றம் வரை முயன்றார்கள். உறுப்பினர்கள் ஏற்கவில்லை. பிறகு டார்வினின் மகன் ஜார்ஜே 1875-இல் புள்ளிவிவரம் திரட்டி, பயந்த அளவுக்குக் கேடு தெரியவில்லை என்று எழுதினார்.

இங்கிலாந்து நாடாளுமன்றம் கேட்க மறுத்த கேள்வியை நம் ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர். பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் வட ஆற்காடு மாவட்டத்தில் கிராமங்களிலும் நகர்ப்புறத்திலும் பல்லாயிரம் திருமணங்களைக் கணக்கெடுத்தார்கள். முடிவுகள் 1970-களில் வெளிவந்தன. கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் இரத்த உறவில் நடந்தவை. நகரத்தில் பத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் அதில் கணிசமாக இருந்தது. உலகின் பெரும்பாலான பகுதிகளில் கேட்டால் திகைப்பார்கள். நமக்கு அது காதுகுத்தில் மாமன் மடியில் உட்காரும்போதே ஊர் பேசிச் சிரிக்கும் விஷயம். இந்து திருமணச் சட்டம்கூட 1955-இல் இத்தகைய உறவுகளைத் தடைசெய்துவிட்டு, வழக்கம் இருந்தால் செல்லும் என்று நமக்காக ஒரு கதவைத் திறந்தே வைத்தது.

இதற்குள் மரபியல் என்ன இருக்கிறது? கரும்பலகைக் கணக்கு கொஞ்சம் போடுவோம். அச்சம் வேண்டாம், பெருக்கல் வகுத்தலுக்கு மேல் போகாது.

தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையின் ஏதேனும் ஒரு மரபணுவில், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்தவையாக இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. மாமன் மகளோ அத்தை மகளோ என்றால் பதினாறில் ஒன்று. இந்த எண்ணுக்கு உட்கலப்புக் கெழு என்று பெயர். சித்தப்பா மகளைக் கட்டினாலும் அதே பதினாறில் ஒன்றுதான். ஊருக்கு அவள் தங்கை, இவள் முறைப்பெண். உடற்குரோமோசோம்களுக்கு, அதாவது எக்ஸ், ஒய் தவிர்த்த மற்றவற்றுக்கு, இந்த வேறுபாடு தெரியாது.

மரபணு ஒன்றின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்பார்கள்; அவற்றில் ஒரு கெடுதலான ஒடுங்கு அல்லீலை எடுத்துக்கொள்வோம். ஒரு மக்கள்தொகையில் அந்த மரபணுவின் பிரதிகளில் நூற்றில் ஒன்று கெட்டுப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவு பாராமல் மணம் நடந்தால் நோயுள்ள குழந்தை நூற்றில் ஒன்று பெருக்கல் நூற்றில் ஒன்று, அதாவது 10,000 பிறப்பில் ஒன்று. இது ஹார்டியும் வெயின்பெர்கும் 1908-இல் தனித்தனியே எழுதிய சமன்பாடு. மாமன் மகள், அத்தை மகள் மணங்களில் அது ஏறத்தாழ 1,400-இல் ஒன்றாகும். அக்கா மகள் மணத்தில் ஏறத்தாழ 750-இல் ஒன்று. பதின்மூன்று மடங்கு!

இந்த எண்ணை வைத்துப் பயமுறுத்தி மேடை இறங்கிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். கெட்ட அல்லீல் அந்த மக்கள்தொகையில் முன்பும் நூற்றில் ஒன்றுதான், அக்கா மகளைக் கட்டிய பிறகும் நூற்றில் ஒன்றுதான். சொந்தத்தில் கட்டுவது எந்த மரபணுவையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டுச் சிதறிக் கிடக்கும் பிரதிகளை ஒரே குழந்தையில் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். கெடுவது வேறு காரணத்தால். டிஎன்ஏ படியெடுக்கும்போது நேரும் பிழை அது. பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் அறுபது எழுபதோடுதான் நாம் ஒவ்வொருவரும் பிறக்கிறோம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. திடீர்மாற்றம் பிரதிகளை உண்டாக்கும், திருமண முறை அவற்றை அடுக்கும், தேர்வு அவற்றைக் கூட்டும் குறைக்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் இந்தப் பாடத்தில் பாதி கைவந்துவிடும்.

இப்போது வட ஆற்காட்டு ஆய்வின் முடிவுக்கு வருவோம். ராவும் இன்பராஜும் எதிர்பார்த்திருக்கக்கூடியது வேறு. கருச்சிதைவு, இறந்து பிறத்தல், குழந்தை இறப்பு எல்லாம் உறவுத் திருமணங்களில் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பிள்ளைப்பேறு குறையவுமில்லை. அவர்கள் முன்வைத்த விளக்கம், மரபியலாளர் எல். டி. சங்வி 1966-இல் எழுப்பிய கருத்தை ஒட்டியது: இங்கே நூற்றாண்டுகளாகச் சொந்தத்தில் கட்டி வருகிறார்கள், கெட்ட ஒடுங்கு அல்லீல்கள் அடிக்கடி வெளியே வந்து, வந்த இடத்திலேயே அழிந்து, மொத்தக் கையிருப்பே குறைந்திருக்கலாம். 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்ட மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனும் தென்னிந்திய உறவுத் திருமணங்களை இந்தக் கண்ணோடுதான் பார்த்தார். அவர் மாணவர் துரோணம்ராஜு ஆந்திரத்தில் இதே பொருளில் வேலை செய்தார்.

இந்த விளக்கம் எப்படி வேலை செய்யும் என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் பரிணாமம் என்ற இயந்திரத்தைத் திறந்து காட்டும் இடம் இது. அதே நூற்றில் ஒன்று அல்லீல், இரண்டு பிரதியும் உள்ள குழந்தை பிழைக்காது என்று வையுங்கள். உறவு பாராத மணத்தில் கெட்ட பிரதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கேரியர்களிடம் ஒளிந்திருக்கும். தேர்வின் கைக்கு எட்டுவது ஒன்று மட்டுமே. எனவே நூற்றில் ஒன்று என்பது அடுத்த தலைமுறையில் நூற்றொன்றில் ஒன்றாகும், அதற்கடுத்து நூற்றிரண்டில் ஒன்று. பாதியாகக் குறைய நூறு தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றால் 2,500 ஆண்டு. சங்க காலத்துக்கும் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். எல்லோரும் அக்கா மகளையே கட்டும் ஒரு கற்பனை ஊரில் தேர்வின் கைக்கு நூற்றுக்குப் பதின்மூன்று பிரதிகள் எட்டும். ஐந்தாறு தலைமுறையில் பாதியாகிவிடும். நம் ஊர்களில் பாதி மணங்கள்தான் சொந்தத்தில், அவற்றிலும் எல்லாம் அக்கா மகள் அல்ல. ஆகவே வேகம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

கேட்கச் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும். நம் முன்னோர் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் கிளம்பும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கெட்ட அல்லீல்கள் இப்படிக் குறைவதை மரபியலாளர்கள் கழித்தல் என்பார்கள்; அந்தக் கழித்தல் ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் சாவு, ஒரு தாயின் துயரம். தேர்வுக்குத் திட்டம் கிடையாது, இரக்கம் கிடையாது. யாரும் தெரிந்து செய்யவுமில்லை. நிலம் சிதறாமல் இருக்கவும், மகள் அறிந்த வீட்டுக்கே போகவும் செய்தார்கள். மேலும் அந்த ஆய்வு நடந்த காலத்தை நினையுங்கள். வயிற்றுப்போக்கும் அம்மையும் நிமோனியாவும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம். அத்தனை சாவுக்கு நடுவில் மரபணுவால் வந்த சாவைத் தனியே பிரித்துப் பார்ப்பது கடினம். தொற்றுநோய் அடங்க அடங்கத்தான் மற்றது கண்ணில் படும். உலகின் பல மக்கள்தொகைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து பிட்டில்ஸும் பிளாக்கும் 2010-இல் வெளியிட்ட கணக்கில், அத்தை மாமன் மக்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் வளருமுன் இறப்பு சராசரியாக 3.5 விழுக்காடு கூடுதல். பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் அளவு பெரிதல்ல, பெருமை பேசுகிறவர்கள் சொல்லும் அளவு சிறிதுமல்ல.

கோயில் ஊரில் பேசுவதால் ஒரு வார்த்தை இடையில். மீனில் தொடங்கி ஆமை, பன்றி, சிங்கமுகம் என்று ஏறி மனிதனில் முடியும் தசாவதாரமே பரிணாமம்தானே என்று யாராவது கேட்காமல் இந்தத் தலைப்பில் கூட்டம் முடிவதில்லை. பக்தியில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பரிணாமம் ஏணி அன்று. மீன் இன்றும் மீனாக, தன் வழியில் நம்மளவு காலம் பரிணமித்து நிற்கிறது. மேலே, கீழே என்று இந்தக் கணக்கில் எதுவும் இல்லை. கிளை பிரிதல் மட்டும்தான் உண்டு. தனி உயிர் பரிணமிப்பதும் இல்லை. தலைமுறைதோறும் ஒரு கூட்டத்துக்குள் அல்லீல்களின் விகிதம் மாறுகிறது, அந்த மாற்றத்துக்குத்தான் பரிணாமம் என்று பெயர்.

விகிதம் மாறத் தேர்வு ஒன்றே வழி அன்று. பெரிய குதிரில் பல நிற விதைகள் கலந்து கிடக்கின்றன. ஒரு பிடி அள்ளிக்கொண்டுபோய் வேறு மலையில் விதைத்தால், குதிரில் அரிதாக இருந்த நிறம் அந்தப் பிடியில் தற்செயலாக நிறைய வந்திருக்கலாம். அந்த மலையில் இனி அந்த நிறமே கொடிகட்டும். சிறிய கூட்டம் ஒன்று பிரிந்துபோய், தனக்குள்ளேயே மணந்து பெருகும்போது நடப்பது இதுதான். மரபணு நகர்வு, நிறுவனர் விளைவு என்று உங்கள் பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். நம் சமூகத்தைப் புரிந்துகொள்ள இருபது மதிப்பெண்ணுக்குக் கேட்க வேண்டிய கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-இல் ஒரு வினோத நோயைப் பற்றி எழுதினார். அல்காப்டனூரியா. சிறுநீர் காற்றுப்பட்டால் கறுக்கும், வயதானால் மூட்டுக் குருத்தெலும்பும் கறுத்துத் தேயும். இந்த நோயுள்ளவர்களின் பெற்றோர் அடிக்கடி அத்தை மாமன் மக்களாக இருப்பதை அவர் கவனித்தார். இது மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்பு என்று உயிரியலாளர் பேட்சன் எடுத்துச் சொன்னார். மெண்டலின் விதி மனிதரிடம் முதன்முதலாகப் பொருந்திக் காட்டப்பட்டதே உறவுத் திருமணத்தின் வழியாகத்தான். உலகில் மிக அரிதான இந்த நோய், தீபத் திருவிழாக் கூட்டங்களில் பாசிமணி விற்றுப் பார்க்கிறோமே, அந்த நரிக்குறவர் சமூகத்தில் வியக்கத்தக்க அளவு மிகுந்திருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையினர் பங்குகொண்ட ஆய்வு 2014-இல் காட்டியது. எல்லோரிடமும் ஒரே திடீர்மாற்றம். என்றோ ஒரு மூதாதையிடம் இருந்த ஒரே ஒரு பிரதி, சின்னக் கூட்டம் வெளியே மணம் செய்யாமல் பெருகியதால் இத்தனை பேரிடம் வந்து நிற்கிறது. அவர்களிடம் குறை ஒன்றுமில்லை. எந்தச் சிறிய கூட்டத்துக்கும் நேரக்கூடியது இது.

நேர்ந்தும் இருக்கிறது. ஆரிய வைசியச் சமூகத்தில் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகம். அன்றாட வாழ்வில் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்து மட்டும் அவர்கள் உடலில் சீக்கிரம் சிதையாது. சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாமல் போகும். அனுபவமுள்ள மயக்க மருத்துவர்கள் அதனால் நோயாளியின் சமூகத்தைக் கேட்டுவிட்டே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஐதராபாத் செல்–மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-இல் வந்தது. தெற்காசியாவின் 263 சமூகங்களை எடுத்துப் பார்த்ததில் 81-இல் நிறுவனர் விளைவு, அதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும் விட வலுவாக இருந்தது. இந்த 81-இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள சமூகங்களும் பதினான்கு உண்டு. அதாவது எண்ணிக்கையில் பெரியவை, மரபணுவில் சிறிய கிராமங்கள். இதே ஆய்வாளர்கள் 2013-இல் இன்னொன்று சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் மக்கள் பரவலாகக் கலந்தார்கள். பிறகு கலப்பு பெருமளவு நின்றது. சாதிக் கதவுகள் அடைபட்ட காலத்தை நம் குருதியே தேதியிட்டு வைத்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊர் ஊராக "சொந்தத்தில் கட்டாதீர்கள்" என்று சொல்லி வருகிறோம். மக்கள் கேட்கவும் செய்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அதாவது 2019–21-இல், தமிழ்நாட்டில் உறவுத் திருமணம் ஏறத்தாழ 28 விழுக்காடு. வட ஆற்காட்டுக் கிராமங்களின் பழைய பாதியோடு ஒப்பிட்டால் நல்ல இறக்கம். ஆனால் அக்கா மகளை விட்டுவிட்டு, அதே சிறு சமூகத்துக்குள், திருமணத் தகவல் மையம் வழியாக, முகம் தெரியாத மாவட்டத்திலிருந்து பெண் எடுத்துவிட்டு, "வெளியில்தான் கட்டினோம்" என்கிறோம். அந்தச் சமூகம் முப்பது தலைமுறைக்கு முன் சில நூறு பேரிலிருந்து பெருகியதாக இருந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் மரபணுவுக்குத் தூரத்துச் சொந்தமே. பத்திரிகையில் மட்டும் அந்நியர்கள். நெருங்கிய உறவைத் தவிர்ப்பது உடனடி ஆபத்தைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உறவை விலக்கச் சொல்லும் மேடைகள் சாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. மரபியல் இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுதுகிறது.

நகர்வால் வந்ததைத் தேர்வு ஏன் துடைத்தெறியவில்லை என்று ஒரு மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். இதற்கு நல்ல சாட்சி நம் இதயத்திலேயே இருக்கிறது. இதயத் தசை சுருங்க உதவும் மயோசின் பிணைப்புப் புரதம்-சி என்ற ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் உண்டு. பெருந்துறை எஸ். தண்டபாணி முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் அது இருக்கிறது. இந்த அரங்கில் நூறு பேர் இருந்தால் நாலு பேர். இதயம் செயலிழக்கும் ஆபத்தை அது பல மடங்கு கூட்டுகிறது. அத்தனை கெட்டது, ஏறத்தாழ 33,000 ஆண்டு பழையது என்கிறார்கள், ஏன் இன்னும் போகவில்லை? பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் அது வேலையைக் காட்டும். அதற்குள் பிள்ளை பெற்று, பிள்ளைக்கும் அதைக் கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்து முடித்திருப்போம். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய துன்பம் தேர்வின் பார்வையில் ஏறக்குறையப் படுவதே இல்லை.

தேர்வே காப்பாற்றி வைக்கும் கெடுதலும் உண்டு. 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் உயிரணுப் பண்பைக் கண்டார்கள். இந்தியாவில் அது அதுவரை அறியப்படாதது. ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்காரும். இரண்டு பிரதி இருந்தால் கொடிய இரத்தசோகை. ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. மலேரியா இருக்கும் வரை கேரியர்கள் மற்ற இரு சாராரையும் விட நன்றாகப் பிழைப்பார்கள், அல்லீலும் கூடவே பிழைக்கும். நல்லது, கெட்டது என்பது மரபணுவில் எழுதியிருப்பது அன்று. எந்தக் காட்டில், எந்தக் கொசுவுக்கு நடுவில் வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தது.

செய்யக்கூடியது என்ன? நியூயார்க்கில் 1983-இல் அஷ்கனாசி யூதர்களுக்காகத் தொடங்கிய தோர் யேஷோரிம் என்ற அமைப்பு இருக்கிறது. டே-சாக்ஸ் என்ற ஒடுங்கு மரபு நோயில் தன் குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு மதகுரு தொடங்கியது. இளைஞர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, முடிவை அவர்களிடம்கூடச் சொல்லாமல் எண்ணாக வைத்துக்கொள்வார்கள். பெண் பார்க்கும்போது இரண்டு எண்ணையும் கொடுத்தால், இருவருமே ஒரே நோயின் கேரியர்களா என்பதை மட்டும் சொல்வார்கள். யார் மீதும் முத்திரை விழாது. ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் முகூர்த்தம் குறிக்காத நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. அதற்கு முதலில் ஒவ்வொரு சமூகத்திலும் எந்த அல்லீல் மிகுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு இன்னும் தெரியாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு அது வாழ்நாள் வேலையாக அமையலாம்.

வீட்டுக்கு ஒரு கணக்கு கொடுத்துவிட்டு முடிக்கிறேன். மாமன் மகளும் அத்தை மகளும் மரபணுக் கணக்கில் சமம், இருவருக்கும் பதினாறில் ஒன்று என்றேன். உடற்குரோமோசோம்களுக்கு அது சரி. எக்ஸ் குரோமோசோமுக்குச் சரியா? ஆண் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான், மகளுக்கு மட்டுமே கொடுக்கிறான். குடும்ப மரத்தை வரைந்து, அப்பாவிலிருந்து மகனுக்குப் போகும் கோடுகளை எல்லாம் அடித்துவிட்டு, பிறக்கும் பெண் குழந்தையின் இரண்டு எக்ஸும் ஒரே மூதாதைப் பிரதியாக இருக்கும் வாய்ப்பைக் கண்டுபிடியுங்கள். அத்தை மகளைக் கட்டினால் விடை பூச்சியம். மாமன் மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று, அதாவது அக்கா மகளைக் கட்டியதற்குச் சமம். டார்வின் வீட்டுப் பெண்களுக்கும் அதே எட்டில் ஒன்றுதான். ஏன் என்பதை நீங்கள் வரைந்து காட்டுங்கள். உங்கள் ஆசிரியர்கள் திருத்தித் தருவார்கள்.